ரெண்டு பெடல், ரெண்டு விதமான சுவிட்ச்: பழைய கிட்டார் பெடல்ல சுவிட்ச் மாத்தின ஒரு கேஸ்

பின்னணி

ஆடி மாசம் ஒரு சாயங்காலம், சிந்தாதிரிப்பேட்டைலேர்ந்து ஒரு தம்பி பழைய ஏர்பேக் ஒண்ணோட கடைக்கு வந்தாரு. உள்ள ரெண்டு பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவுல மாட்டி, காலால மிதிச்சு சத்தத்தை மாத்தற டப்பா. ரெண்டும் அவங்க அப்பாவோடது. அப்பா 70கள்ல மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிக்க ஆரம்பிச்சு, அப்புறம் கோடம்பாக்கத்துல சினிமா ரெக்கார்டிங்குக்குப் போனவரு. இப்ப வயசு 76. பழைய குழு ஆளுங்க மிச்சம் இருக்கறவங்க சேர்ந்து நவராத்திரிக்கு ஒரு கோயில்ல வாசிக்கறதா முடிவு பண்ணியிருக்காங்க, அதுக்கு இந்த ரெண்டும் வேலை செய்யணும், அவ்வளவுதான் கோரிக்கை. புதுசு வாங்கித் தர்றேன்னு பையன் சொல்லிப் பாத்திருக்காரு, அப்பா கேக்கல.

ஒண்ணு க்ரை பேபி வா பெடல், மிதியை முன்ன பின்ன சாய்ச்சா சத்தம் "வா வா"ன்னு மாறும், இத்தாலில பெஸ்காரா ஊர்ல ஜென் கம்பெனி செஞ்சது. வா பெடல்ங்கறதே 1966ல கலிஃபோர்னியால தாமஸ் ஆர்கன் கம்பெனில பிராட் பிளங்கெட்ங்கற இஞ்சினியர் கையில பொறந்த சர்க்யூட்தான், அவங்களுக்காக அதை இத்தாலில செஞ்சு கொடுத்தது ஜென். இன்னொண்ணு பாஸ் கம்பெனியோட சிஇ-2 கோரஸ், ஒரு கிட்டாரை ரெண்டு மூணு சேர்ந்து வாசிக்கற மாதிரி கேக்க வைக்கறது, 1979ல வந்த மாடல், வெளிர் நீல டப்பா. இது ரெண்டையும் சிங்கப்பூர்ல இருந்த மச்சான் மூலமா வாங்கினதா அப்பா சொன்னாராம்.

பையன் சொன்ன கம்ப்ளெயின்ட் என்னன்னா, கோரஸ் சில நேரம் ஆன் ஆகுது, சில நேரம் ஆகல, சில நேரம் ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகுது. வா பெடல் ஆஃப்ல இருக்கறப்ப சத்தம் கரகரன்னு போய்ப் போய் வருது, ஆன் பண்ணா நல்லா இருக்கு. எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட காட்டியிருக்காங்க, அவரு ரெண்டுலயும் ஸ்ப்ரே அடிச்சுக் கொடுத்தாராம், பத்து நாள் ஓடுச்சாம். அப்புறம் அவரே "ரெண்டுக்கும் ஒன்பது கால் சுவிட்ச் போட்டு ட்ரூ பைபாஸ் (ஆஃப்ல இருந்தா கிட்டார் சத்தம் சர்க்யூட்டைத் தொடாம நேரா வெளிய போறது) பண்ணிடலாம், டப்பாவுல ஒரு ஓட்டை போட்டா போதும்"னு சொன்னதும் அப்பா பையை எடுத்துட்டு வந்துட்டாரு. நல்லவேளை.

முதல் நாள் பாத்தது: கோரஸ்

கோரஸ்ல முதல்ல கண்ணுல பட்டது எல்இடி மங்கலா எரியறது. பையன் வச்சிருந்தது இப்ப எல்லாரும் வச்சிருக்கற ரெகுலேட்டட் 9 வோல்ட் சப்ளை. பாஸ்ல அந்தக் காலத்துப் பெடல்லாம் ஏசிஏன்னு போட்ட அடாப்டருக்கு செஞ்சது, அது ரெகுலேட் பண்ணாத 12 வோல்ட், அதனால பெடலுக்குள்ளயே வோல்டேஜைக் குறைக்க ஒரு ரெசிஸ்டரும் டயோடும் வச்சிருப்பாங்க. அதுல போய் 9 வோல்ட் கொடுத்தா உள்ள போறதுக்குள்ள இன்னும் குறைஞ்சுடும். பிளக் அதே சைஸ், அதே போலாரிட்டி, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. எல்இடி மங்கும், சத்தமும் சோர்ந்து போகும்.

இங்கதான் அவசரப்பட்டா வழுக்கி விழுவோம், ஏன்னா வோல்டேஜ் கம்மியா இருந்தா சுவிட்சிங்கும் தகராறு பண்ணலாம், அதை சுவிட்ச் கோளாறுன்னு நினைச்சுக்குவோம், இல்லன்னா தலைகீழா, சுவிட்ச் கோளாறை பவர் கோளாறுன்னு நினைச்சு அடாப்டர் வாங்கிட்டு வருவோம். அதனால ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும்னு புது 9 வோல்ட் பேட்டரி போட்டேன். எல்இடி பளிச்சுன்னு வந்துடுச்சு. சுவிட்ச் தகராறு அப்படியே இருந்துச்சு. ஆக ரெண்டு தனித்தனிப் பிரச்சனை.

அடுத்து எண்ணிப் பாத்தேன். 40 தடவை மிதிச்சதுல 23 தடவை ஒழுங்கா மாறுச்சு, 9 தடவை ஒண்ணுமே நடக்கல, 8 தடவை மாறி உடனே திரும்பிடுச்சு. இப்படி எண்ணி எழுதி வைக்கறது நம்ம ஆளுங்க யாரும் பண்றதில்ல, "சார் இப்ப பரவால்ல சார்"ங்கறதோட முடிச்சுடுவோம், ஆனா விட்டு விட்டு வர்ற கோளாறுக்கு நம்பர் இல்லாம எதுவும் சொல்ல முடியாது.

அடித்தட்டைக் கழட்டினேன். பாஸ் பெடல்ல மிதிக்குக் கீழ இருக்கற சுவிட்ச்லேர்ந்து போர்டுக்கு ரெண்டே ரெண்டு ஒயர்தான் வரும். கிட்டார் சத்தம் அந்த சுவிட்ச் வழியா போறதே இல்ல. நம்ம அமுக்கும்போது ஒரு நொடி ரெண்டு ஒயரும் ஷார்ட் ஆகும், அந்தத் தட்டுல ரெண்டு டிரான்சிஸ்டர் சேர்ந்த ஃப்ளிப் ஃப்ளாப் ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் சாயும், அது ஜேஃபெட்ங்கற இன்னொரு வகை டிரான்சிஸ்டரை ஆன் ஆஃப் பண்ணும், அந்த ஜேஃபெட்தான் சத்தத்தை இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு விடறது. காலிங் பெல் சுவிட்ச் மாதிரி, அதுல சத்தம் பாயற வேலை எதுவும் கிடையாது, தகவல் சொல்ற வேலை மட்டும்தான்.

அதனால டெஸ்ட் ரொம்ப சுலபம். சுவிட்சைத் தொடாம, அந்த ரெண்டு முனையையும் ட்வீஸரால ஷார்ட் பண்ணிப் பாக்கணும். 40 தடவை பண்ணேன், 40ம் சரியா மாறுச்சு. அப்ப ஃப்ளிப் ஃப்ளாப் நல்லா இருக்கு, டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர், ஜேஃபெட் எதையும் தொட வேண்டாம். மல்டிமீட்டரை சுவிட்ச்ல வச்சு அமுக்கினா ஒரு தடவை 4 ஓம், அடுத்த தடவை 2 கிலோ ஓம், அதுக்கடுத்து ஒண்ணுமே இல்லன்னு ஆடுச்சு. மாறி உடனே திரும்புற அந்த 8 தடவைக்கும் இதுதான் காரணம். காண்டாக்ட் ஒட்டி விலகி ஒட்டுது, ஃப்ளிப் ஃப்ளாப் அதை ரெண்டு தட்டுன்னு எண்ணிக்குது.

முதல் நாள் பாத்தது: வா

வா பெடல் வேற ஜாதி. இதுல கிட்டார் சத்தமே சுவிட்ச் வழியாத்தான் போகுது. உள்ள இருந்தது மூணு கால் சுவிட்ச், அதாவது நடுக் கால் அவுட்புட்டுக்கு, ஒரு பக்கம் வா சர்க்யூட்டோட வெளி முனை, இன்னொரு பக்கம் நேரா இன்புட். மிதிச்சா நடுக் கால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய் ஒட்டும். சர்க்யூட்டோட உள் முனை எப்பவுமே கிட்டாரோட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும், ஆஃப்ல இருந்தாலும்.

அளந்து பாத்ததுல வா பக்கம் 0.4 ஓம், அருமை. பைபாஸ் பக்கம் 3 ஓம்ல ஆரம்பிச்சு, டப்பாவைத் தட்டினா 90 ஓமுக்கு ஏறி இறங்குச்சு, நடுவுல சில தடவை முழுசா விட்டும் போச்சு. ஒரே சுவிட்ச்ல ஒரு பக்கம் மட்டும் ஏன் கெட்டுச்சுன்னு யோசிச்சேன். பையன்கிட்ட கேட்டப்ப, பெடல் இருபது வருஷத்துக்கு மேல பரண்ல டிரங்குப் பெட்டில கிடந்துச்சுன்னாரு. எடுத்து வச்ச அன்னிக்கு வா பக்கம் ஒட்டின நிலைலயே வச்சிருப்பாங்கன்னு என் ஊகம். ஒட்டியிருக்கற காண்டாக்டுக்குள்ள காத்து அவ்வளவா போகாது, திறந்து கிடந்த பக்கம்தான் கறுத்துடும். காண்டாக்ட்ல இருக்கறது வெள்ளிப் பூச்சு, வெள்ளிக்கு கந்தக வாடை ஆகவே ஆகாது. வீடு கூவத்துக்குப் பக்கத்துத் தெரு, வீட்டுல வெள்ளி குங்குமச் சிமிழ் எவ்வளவு சீக்கிரம் கறுக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களைக் கேட்டா தெரியும்.

இன்னொரு விஷயம். வீட்டு சுவிட்ச்ல லேசா கறுப்பு படிஞ்சா 230 வோல்ட் அதைப் பொரிச்சுத் தள்ளிட்டுப் போய்டும். கிட்டார்லேர்ந்து வர்றது மில்லிவோல்ட் கணக்கு, அந்தப் படலத்தை உடைக்கற சக்தி அதுக்குக் கிடையாது. அதனால சுவிட்ச் மேல 250 வோல்ட் 3 ஆம்ப்னு பெருசா போட்டிருக்கறதைப் பாத்து நல்ல சுவிட்ச்னு வாங்கறது இந்த வேலைக்கு உதவாது.

மூணாவதா ஒண்ணு, இதுதான் உண்மையான காரணம்னு எனக்குப் படுது. மிதியோட அடில, சுவிட்ச் மேல படற இடத்துல ஒரு ஃபெல்ட் பேட் இருக்கணும். அது கரைஞ்சு போய் கோந்துத் தடம் மட்டும்தான் இருந்துச்சு. பேட் இல்லன்னா உலோக மிதி நேரா சுவிட்ச் தலைல இடிக்கும், அது மட்டுமில்ல, பேட் கனம் போனதால சுவிட்ச் எட்டாம இன்னும் ஓங்கி மிதிக்க வேண்டி வரும். சுவிட்ச் தலை ஒரு பக்கம் சப்பிப் போயிருந்துச்சு. சுவிட்சை மட்டும் மாத்தி பேட் போடாம விட்டா புதுசும் அதே கதிதான்.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

கோரஸுக்கு ஓட்டை போட்டு ஒன்பது கால் சுவிட்ச் போடறதை எடுத்த எடுப்புலயே ஒதுக்கிட்டேன். அதுல கெட்டது ரெண்டு கால் காலிங் பெல் வேலை, அதுக்கு ஒன்பது கால் எதுக்கு? பழைய டப்பாவுல ஓட்டை விழுந்தா விலையும் போகும், திரும்பவும் வராது. தவிர இந்த பெடல் ஆஃப்ல இருந்தாலும் உள்ள இருக்கற பஃபர், அதாவது சிக்னலுக்கு பலம் கொடுக்கற சின்ன சர்க்யூட், வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும், அதுக்கப்புறம் போற நீளக் கேபிளைத் தள்ளறது அதுதான். அதை எடுத்தா மொத்த சத்தமும் மாறும்.

அதனால கோரஸுக்கு முதல்ல இருக்கற சுவிட்சையே சுத்தம் பண்ணிப் பாக்கறது, இல்லன்னா அதே மாதிரி அமுக்கு சுவிட்ச். வாவுக்கு சுவிட்ச் மாத்தறது கட்டாயம், தலை சப்பினதை சுத்தம் பண்ணி பிரயோஜனம் இல்ல. வேற எதையும், பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உட்பட, தொடறதில்லைன்னும் எழுதி வச்சுக்கிட்டேன். பழைய பெடலைத் திறந்தா கெப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்தற பழக்கம் நம்ம ஊர்ல சில பேருக்கு உண்டு, எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சு. ரெண்டு பெடலும் ஆன்ல நல்லா வாசிக்குது, அப்புறம் எதுக்கு நோண்டணும்.

வாவுல மட்டும் ஒரு முடிவை நானா எடுத்தேன், கேக்காம. மூணு கால் சுவிட்ச் வயரிங்ல, ஆஃப்ல இருக்கறப்பவும் வா சர்க்யூட்டோட இன்புட், அதுல முதல்ல இருக்கறது 68 கிலோ ஓம் ரெசிஸ்டர், அது கிட்டார் மேல சுமையா உக்காந்துக்கிட்டே இருக்கும். கம்பி அதிர்றதை சிக்னலா மாத்தற கிட்டார் பிக்கப்புக்கு அந்தச் சுமை ஜாஸ்தி, அதனால ட்ரெபிள், அதாவது சத்தத்தோட கூர்மை, கொஞ்சம் மங்கும். இது இந்தப் பழைய வா பெடல் எல்லாத்துக்கும் தெரிஞ்ச குறை. ஆறு கால் சுவிட்ச் போட்டா ஆஃப்ல இருக்கறப்ப சர்க்யூட்டை முழுசா கழட்டி விட்டுடலாம், ஓட்டை அதே 12 மி.மீ, டப்பாவுல எதுவும் தொட வேண்டாம். செலவும் அதேதான். பண்ணிக் கொடுத்தா சந்தோஷப்படுவாருன்னு நினைச்சேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

நடந்தது: கோரஸ், முதல் முயற்சி

பழைய சுவிட்சை வெளிய எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச விசிட்டிங் கார்டு துண்டை காண்டாக்ட் நடுவுல விட்டு இழுத்தேன், கறுப்பா வந்துச்சு, நாலஞ்சு தடவைக்கு அப்புறம் வெளுத்துச்சு. மாட்டிப் பாத்தா 40க்கு 38. அடுத்த நாள் காலைல 31. மேல இருந்த பூச்சு தேஞ்சு அடி உலோகம் தெரிஞ்சுது, இனிமே எவ்வளவு துடைச்சாலும் நிக்காது. முன்னாடி ஸ்ப்ரே அடிச்சவருக்குப் பத்து நாள் ஓடினதும் இப்படித்தான்.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கற ரிட்சி ஸ்ட்ரீட் போனேன். அங்க கிடைச்சது 12 மி.மீ டாக்ட் சுவிட்ச், விரலால அமுக்கற சின்ன பட்டன், ஒண்ணு 10 ரூபா. சின்ன ஜீரோ போர்டு (ஓட்டை போட்ட வெறும் சர்க்யூட் அட்டை) துண்டுல சால்டர் பண்ணி, பழைய சுவிட்ச் உக்காந்த இடத்துல அடில பேக்கிங் வச்சு உயரம் சரி பண்ணி மாட்டினேன். உயரம்தான் இதுல பெரிய ரோதனை. கம்மியா இருந்தா மிதி எட்டாது. அரை மில்லிமீட்டர் ஜாஸ்தியானா மிதியோட கட்டை விரல் ஸ்க்ரூவை முறுக்கும்போதே சுவிட்ச் அமுங்கிடும், அப்படியே அமுங்கின நிலைல நின்னுடும், அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் நடக்காது. நாலு தடவை கழட்டி மாட்டி, 40க்கு 40 வந்ததும் கொடுத்து அனுப்பிட்டேன்.

மூணு வாரத்துல திரும்பி வந்துடுச்சு. டாக்ட் சுவிட்சோட தலை உள்ள போய் அப்படியே நின்னுடுச்சு. என் தப்பு என்னன்னு அப்பதான் புரிஞ்சுது. நான் உக்காந்து கை விரல்ல அமுக்கி டெஸ்ட் பண்ணேன். மேடைல ஒரு ஆள் நின்னு ஷூ காலால மிதிக்கறப்ப மொத்த வெயிட்டும் இறங்கும். ஒரிஜினல் அமைப்புல சுவிட்ச் அமுங்கினதும் மிதி டப்பாவுல போய் உக்காந்துடும், வெயிட்டை டப்பா வாங்கிக்கும், சுவிட்ச் மேல ரப்பர் வழியா கொஞ்சம்தான் வரும். நான் வச்ச உயரத்துல மிதி டப்பாவைத் தொடறதுக்கு முன்னாடி டாக்ட் சுவிட்சோட பயணம் முடிஞ்சுடுச்சு, ஆக வெயிட் முழுசா அந்த 10 ரூபா மேல. அதை ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது.

நடந்தது: வா, அதுலயும் ஒரு சொதப்பல்

இதே சமயம் வாவுக்கு ஆறு கால் சுவிட்ச் மாட்டினேன். முதல் சுவிட்சை நானே கெடுத்தேன். பழைய ஒயர் தடிமனா இருந்துச்சு, சால்டர் பிடிக்கலன்னு அயர்னைக் காலிலேயே ஏழெட்டு நொடி வச்சிருந்தேன். இந்த வகை சுவிட்ச்ல கால் உக்காந்திருக்கறது பிளாஸ்டிக்லதான், சூடு ஏறினா பிளாஸ்டிக் இளகி கால் உள்ள சரிஞ்சுடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. மாட்டி முடிச்சு அளந்தா ஒரு பக்கம் விட்டு விட்டு வருது. புது சுவிட்ச், பழைய கோளாறு! ரெண்டாவது சுவிட்சுக்கு ஒயர் நுனிலயும் கால்லயும் தனித்தனியா ஈயம் பூசி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு நொடிக்கு மேல போகாம, ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவுல ஆற விட்டு முடிச்சேன். எல்லாப் பக்கமும் 0.1 ஓமுக்குள்ள.

ஆன் பண்ணா டப்புன்னு ஒரு சத்தம். இது ட்ரூ பைபாஸ் பண்றப்ப வழக்கமா வர்றதுதான், ஆஃப்ல சர்க்யூட்டோட இன்புட் எதுலயும் ஒட்டாம தொங்கறதால உள்ள இருக்கற கெப்பாசிட்டர் மெல்ல சார்ஜ் ஏறி நிக்கும், ஒட்டின உடனே அது மொத்தமா இறங்கும். இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டதும் டப்பு அடங்கிடுச்சு. மூணு கால் வயரிங்ல இந்தத் தொல்லையே கிடையாது, ஏன்னா இன்புட் எப்பவும் கிட்டாரோட ஒட்டியிருக்கும். அப்பவே எனக்கு ஒரு நெருடல் வந்திருக்கணும், அந்தக் காலத்து ஆளுங்க சும்மா மூணு கால் போடல.

பேட் விஷயம்தான் இதுல எனக்குப் பிடிச்ச பகுதி. ஃபெல்ட் தேடி அலைஞ்சு கிடைக்கல, கடைசில தெருமுனைல செருப்பு தைக்கறவர்கிட்ட கேட்டேன். அவரு பெடலைக் கையில வாங்கி ரெண்டு தடவை அமுக்கிப் பாத்துட்டு, சோல் ரப்பர்ல அஞ்சு மி.மீ துண்டு ஒண்ணு அறுத்து ஓரத்தை சீவி ஒட்டிக் கொடுத்தாரு. "இதுக்கு மேல கனமா வச்சா முன்னாடி முழுசா சாயாது"ன்னாரு. சரிதான், வாவுல முன் பக்கம் முழுசா சாய்ஞ்சாத்தான் பல்சக்கரம் பொட்டென்ஷியோமீட்டரை (சுருக்கமா பொட், வால்யூம் குமிழ் மாதிரி திருப்பற ரெசிஸ்டர்) கடைசி வரைக்கும் திருப்பும், சுவிட்ச் உயரமா இருந்தாலும் பேட் கனமா இருந்தாலும் அந்தக் கடைசிக் கீச்சு வராது. சுவிட்ச் கழுத்துல மேலயும் கீழயும் ரெண்டு நட்டு இருக்கும், அதை ஏத்தி இறக்கி, சாதாரணமா வாசிக்கறப்ப படாம, முன் பாதத்தை கொஞ்சம் அழுத்தினா மட்டும் படற மாதிரி வச்சேன். அவரு 20 ரூபா வாங்கிக்கிட்டாரு.

அப்பா வந்த அன்னிக்கு

கோரஸ் செத்து திரும்பி வந்தப்ப அப்பாவும் கூடவே வந்தாரு. கிட்டாரை வாவுல சொருகி, ஆஃப்லயே பத்து நிமிஷம் வாசிச்சாரு. ஒண்ணும் சொல்லல. அப்புறம் "தம்பி, இதுல என்ன பண்ணே?"ன்னாரு. பெருமையா விளக்கினேன், சார் இப்ப ஆஃப்ல இருந்தா பெடலே இல்லாத மாதிரி சார், ட்ரெபிள் போகாதுன்னேன்.

"அதான் பாத்தேன். கண்ணாடியைக் கீறற மாதிரி இருக்கு. நான் வாசிச்ச காலமெல்லாம் என் கிட்டார் இது வழியாத்தான் போயிருக்கு, என் கை அதுக்குப் பழகிடுச்சுப்பா. எனக்கு மங்கலாவே இருக்கட்டும்"ன்னாரு.

அப்புறம் கொஞ்ச நேரம் அந்தக் காலத்துக் கதை சொன்னாரு. மொத்தக் குழுவும் பாட்டும் ஒண்ணா ஒரே டேக்ல பதிவு பண்ற காலம், நடுவுல யாராவது ஒரு சத்தம் போட்டா எல்லாரும் முதல்லேர்ந்து. வா பெடலோட டக்கு மைக்ல விழுந்துடும்னு தபேலா பலமா விழற இடம் பாத்து மிதிப்பாராம், அதுக்காக பேட் மேல வேட்டித் துணி மடிச்சு ஒட்டி வச்சிருந்தாராம். நான் கரைஞ்சு போன ஃபெல்ட்னு நினைச்ச கோந்துத் தடத்துல பாதி அந்த வேட்டித் துணியோடது.

எனக்கு வாதாட மனசு வரல, டெக்னிக்கலா நான் சொன்னது சரிதான், ஆனா ரிப்பேர் கேட்டு வந்தவருக்கு நான் வேற ஒரு பெடலைக் கொடுத்திருக்கேன். அதே ஆறு கால் சுவிட்ச்ல ஒரு பக்கத்து மூணு காலை மட்டும் வச்சு பழைய மாதிரியே வயரிங் பண்ணேன், 1 மெகா ஓமையும் கழட்டினேன். மிச்ச மூணு கால் சும்மா இருக்கு. பதினஞ்சு நிமிஷ வேலை. திரும்ப வாசிச்சுப் பாத்துட்டு தலையை ஆட்டினாரு, அவ்வளவுதான் பாராட்டு.

கோரஸ், ரெண்டாவது முயற்சி

வெளிநாட்டுல பெடல் பாகம் விக்கற ஒருத்தர்கிட்டேர்ந்து இந்தப் பெடலுக்கே உரிய அமுக்கு சுவிட்ச் ரெண்டு வரவழைச்சேன், போஸ்டேஜ் சேத்து 1,400 ரூபா ஆச்சு, வந்து சேர 19 நாள். நடுவுல நவராத்திரி நெருங்குதுன்னு பையன் தினமும் போன். அதுவரைக்கும் சும்மா விடாம, பழைய சுவிட்ச் இருந்த இடத்துல மிதி எங்க உக்காருது, சுவிட்ச் எவ்வளவு அமுங்குதுன்னு பிளாஸ்டிசின் களிமண் உருண்டை வச்சு மிதிச்சு அளந்தேன். மிதி டப்பாவைத் தொட்ட அப்புறம் களிமண் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கோ அதுதான் சுவிட்சுக்கு இருக்கற இடம். முதல் தடவையே பண்ணியிருக்க வேண்டியது.

புது சுவிட்ச் வந்ததும் எந்த பேக்கிங்கும் இல்லாம அப்படியே உக்காந்துச்சு. மிதியோட அடில இருந்த ரப்பர் கெட்டிப் போயிருந்துச்சு, அதுக்கும் செருப்புக் கடைக்காரர்தான். இந்தத் தடவை நின்னுக்கிட்டு, ஷூ போட்டுக்கிட்டு 200 தடவை மிதிச்சேன், 200ம் சரி. பையன்கிட்ட இருந்த 9 வோல்ட் சப்ளையை இந்தப் பெடலுக்கு மட்டும் போட வேண்டாம்னு சொல்லி, தனியா 12 வோல்ட் அடாப்டர் ஒண்ணு கொடுத்து, அதோட பிளக்ல சிவப்பு டேப் சுத்தி விட்டேன், தவறி வேற பெடல்ல சொருகிடக் கூடாதுன்னு.

என்ன ஆச்சு

நவராத்திரி கச்சேரி நடந்துச்சு, நானும் போயிருந்தேன். ரெண்டு மணி நேரத்துல கோரஸ் ஒரு தடவை கூட ஏமாத்தல. வா ஒரு பாட்டுல மட்டும்தான் வந்துச்சு. தை மாசம் செக்கப்புக்கு ரெண்டையும் கொண்டு வரச் சொல்லி அளந்தேன். கோரஸ் 40க்கு 40. வாவுல ரெண்டு பக்கமும் 0.2 ஓமுக்குக் கீழ. வா பொட்ல மட்டும் லேசா கரகரப்பு ஆரம்பிச்சிருக்கு, அப்பாவுக்கு அது தொந்தரவா இல்லையாம், அதனால தொடல.

மொத்தச் செலவு சுவிட்சுகளும் அடாப்டரும் சேத்து 2,300 ரூபா கிட்ட, அதுல நான் கெடுத்த ஆறு கால் சுவிட்சையும் 10 ரூபா டாக்டையும் என் கணக்குல எழுதிக்கிட்டேன். வேலை நேரம் கணக்கு பாத்தா எனக்கு நஷ்டம்தான், சரி போகட்டும்.

இனிமே மாத்திக்கறது

அதுக்கப்புறம் சுவிட்ச் கோளாறுன்னு எந்தப் பெடல் வந்தாலும் முதல்ல அடித்தட்டைக் கழட்டி சுவிட்சுக்கு எத்தனை ஒயர் போகுதுன்னு பாக்கறேன். ரெண்டு ஒயர் மட்டும்னா ட்வீஸர் டெஸ்ட், அஞ்சு நிமிஷத்துல சுவிட்சா சர்க்யூட்டான்னு தெரிஞ்சுடும். மூணு, ஆறு, ஒன்பதுன்னா சத்தம் அது வழியா போகுது, ஒவ்வொரு ஜோடிக் காலா ஓம் அளக்கணும், அளக்கறப்ப டப்பாவைத் தட்டிக்கிட்டே அளக்கணும்.

கை விரல்ல டெஸ்ட் பண்றதை விட்டுட்டேன். கடைல ஒரு பழைய ஷூ வச்சிருக்கேன், அதைப் போட்டுத்தான் மிதிக்கறது, வர்றவங்க பாத்து சிரிக்கறாங்க. களிமண் உருண்டையும் டிராயர்ல இருக்கு. வேலைச் சீட்டுல "ஆஃப்ல இருக்கறப்ப சத்தம் எப்படி இருக்கணும்?"னு ஒரு வரி சேத்திருக்கேன், முக்காவாசிப் பேர் புரியாம பாப்பாங்க, இருந்தாலும் கேக்கறேன். வயரிங்ல எதை மாத்தறதா இருந்தாலும் வாசிக்கறவரை நேர்ல வரச் சொல்லி, பழசையும் புதுசையும் கேக்க வச்சுட்டுத்தான்.

வாவோட தலை சப்பின பழைய சுவிட்சையும் கோரஸோட தேஞ்ச சுவிட்சையும் ஜிப் கவர்ல போட்டு, தேதி எழுதி, அந்தந்த பெடலோட டப்பாவுல வச்சுக் கொடுத்தேன். வாங்கின ரெண்டு அமுக்கு சுவிட்ச்ல ஒண்ணு மிச்சம் இருக்கு, அது என் டிராயர்ல அந்தத் தம்பி பேரோட.